86,386 பேர் லிஸ்ட் உங்க கிட்டதான் இருக்கு: பாதுகாப்பு சபைக்கு ஒரு திறந்த மடல்

ஐ.நா. பாதுகாப்பு சபையில உக்காந்திருக்கற 15 நாட்டு தூதர்களுக்கும், அதுலயும் குறிப்பா வீட்டோவை கையில வச்சிருக்கற அஞ்சு பேருக்கும் வணக்கம்.

2025 அக்டோபர் 31 அன்னிக்கு நீங்க நிறைவேத்தின 2797ஆம் தீர்மானத்தைப் பத்திதான் எழுதறேன். மேற்கு சஹாரா விஷயம். 11 பேர் ஆதரிச்சு கை தூக்கினீங்க, ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் மூணு பேரும் எந்தப் பக்கமும் சாயல, அல்ஜீரியா ஓட்டெடுப்புலயே கலந்துக்கல. மொராக்கோவோட இறையாண்மைக்கு கீழ ஒரு சுயாட்சி, அதுதான் நடைமுறைக்கு ஒத்து வர்ற தீர்வா இருக்கலாம், அவங்க 2007ல குடுத்த திட்டத்தை அடிப்படையா வச்சு ரெண்டு தரப்பும் பேசுங்க, இதுதான் அந்த தீர்மானத்தோட சாரம். சுயநிர்ணயம்னும் ஒரு ஓரமா எழுதியிருக்கீங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா முடிவு என்னன்னு முன்னாடியே எழுதி வச்சுட்டு, கீழ வந்து மக்கள் விருப்பப்படின்னு போட்டா அந்த மக்கள் இனிமே எதை விரும்பணும்னு எதிர்பார்க்கறீங்க?

இதோட பழைய கதை உங்களுக்கு அத்துப்படி. ஆனா திறந்த மடல்ங்கறதால மத்தவங்களும் படிப்பாங்க, அவங்களுக்காக சொல்லிடறேன். மேற்கு சஹாரா 1884ல இருந்து ஸ்பெயினோட காலனி, அட்லாண்டிக் கரையில இருக்கற பாலைவன பூமி, வடக்கே மொராக்கோ, கிழக்கயும் தெக்கயும் மொரிடேனியா, ஒரு மூலையில மட்டும் அல்ஜீரியா தொட்டுட்டு இருக்கு. 1963ல இருந்து ஐ.நா.வோட தன்னாட்சி பெறாத பிரதேசங்கள் பட்டியல்ல இருக்கு, ஆப்பிரிக்க மண்ணுல அந்த பட்டியல்ல மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். போறதுக்கு முன்னாடி ஓட்டெடுப்பு நடத்தறேன்னு ஸ்பெயின் சொல்லி 1974ல தலை கூட எண்ணினாங்க, சுமார் 74,000 பேர். 1975 அக்டோபர் 16 அன்னிக்கு சர்வதேச நீதிமன்றம் கருத்து சொல்லிச்சு: சில பழங்குடிகள் மொராக்கோ சுல்தானுக்கு விசுவாசமா இருந்தது உண்மைதான், ஆனா அதனால அந்த மண்ணு மொராக்கோவுக்கு சொந்தம்னு ஆகாது, மக்களோட சுயநிர்ணய உரிமையை அது தடுக்காது. அதே நாள்ல மொராக்கோ மன்னர் ரெண்டாம் ஹசன் தீர்ப்பு தனக்கு சாதகம்னு அறிவிச்சு பசுமைப் பேரணின்னு கிளப்பினாரு, நவம்பர் 6ல 3,50,000 பேர் எல்லையை நோக்கி வந்தாங்க, நவம்பர் 14ல மாட்ரிட்ல வச்சு ஸ்பெயின் அந்த பூமியோட நிர்வாகத்தை மொராக்கோவுக்கும் மொரிடேனியாவுக்கும் கைமாத்தி விட்டுச்சு, ஆறு நாள் கழிச்சு ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவும் போய் சேர்ந்துட்டாரு. எண்ணி வச்ச அந்த 74,000 பேர்ல ஒருத்தர் கிட்டயும் யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

அப்புறம் 16 வருஷம் சண்டை. மொரிடேனியா 1979ல போதும்டா சாமின்னு விலகிடுச்சு. மொராக்கோ விலகல, பாலைவனத்துக்கு நடுவுல மணலையும் கல்லையும் குவிச்சு சுமார் 2,700 கிலோமீட்டருக்கு சுவர் எழுப்பி, பக்கத்துல கண்ணிவெடி புதைச்சு, கடலும் சுரங்கமும் இருக்கற பக்கத்தை தன் கிட்ட வச்சுகிச்சு. பாதி ஜனம் அல்ஜீரியாவில திந்தூஃப் பக்கத்துல கூடாரத்துக்கு போயிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அங்கதான் இருக்காங்க, 2018 ஐ.நா. மதிப்பீட்டுல 1,73,600 பேர். விட்டுட்டு வந்த ஊர்களோட பேரைத்தான் முகாம்களுக்கு வச்சிருக்காங்க, அல் அயூன், ஸ்மாரா, தாக்லா, ஔசர்த், பூஜ்தூர். அங்க பொறந்து அங்கயே பேரன் பேத்தி எடுத்தவங்க இருக்காங்க.

1991 ஏப்ரல்ல நீங்க 690ஆம் தீர்மானம் போட்டு மினுர்சோன்னு ஒரு மிஷனை அனுப்பினீங்க. ஓட்டெடுப்பு நடத்தறதுக்குன்னே உருவாக்கின மிஷன். செப்டம்பர் 6ல போர்நிறுத்தம், 1992 ஜனவரியில ஓட்டு, ரெண்டே ரெண்டு சாய்ஸ், சுதந்திரமா இல்ல மொராக்கோவோட சேர்றதா. மேற்கு சஹாரா விடுதலைக்கு சண்டை போட்ட பொலிசாரியோ இயக்கம் துப்பாக்கியை கீழ வச்சது மொராக்கோவை நம்பி இல்லைங்க, உங்க கையெழுத்தை நம்பி. அந்த ஜனவரி வரவே இல்ல. மிஷன் மட்டும் இருக்கு, வருஷா வருஷம் நீட்டிக்கறீங்க.

இப்போ கிரிமியாவுக்கு வரேன், ஏன்னா உங்கள்ல பாதிப் பேர் சுயநிர்ணயம்னாலே கிரிமியாவைத்தான் உதாரணம் காட்டறீங்க, ஒரு தரப்பு இப்படித்தான் செய்யணும்னு, இன்னொரு தரப்பு இப்படி செய்யவே கூடாதுன்னு. 2014 பிப்ரவரி 27 அன்னிக்கு அடையாளம் இல்லாத யூனிஃபார்ம்ல துப்பாக்கியோட வந்தவங்க கிரிமியா பார்லிமென்ட்டை பிடிச்சாங்க, மே 25ல ஓட்டுன்னாங்க, அப்புறம் மார்ச் 30ன்னாங்க, கடைசியில மார்ச் 16ல நடத்தியே முடிச்சுட்டாங்க. மொத்தம் 17 நாள். ஓட்டு சீட்டுல ரெண்டு கேள்வி, ரஷ்யாவோட சேரணுமா, இல்ல உக்ரைனுக்குள்ளயே கூடுதல் அதிகாரம் தர்ற 1992 அரசியல் சட்டத்துக்கு திரும்பணுமா, இருக்கறபடியே இருக்கட்டும்னு நினைக்கறவனுக்கு டிக் அடிக்க இடமே இல்ல. 96.77 சதவீதம்னு ரிசல்ட். இது ஓட்டெடுப்பே இல்லைன்னு சொன்னவங்க சொன்னது சரிதான், நானும் அதைத்தான் சொல்வேன். பொதுச் சபையில 100 நாடு செல்லாதுன்னுச்சு, 11 நாடு எதிர்த்து போட்டுச்சு, 58 நாடு எதுலயும் சேரல, அந்த 58ல இந்தியாவும் ஒண்ணு.

அந்த ஓட்டெடுப்புக்கு மறுநாளே, மார்ச் 17ல, ஐரோப்பிய யூனியன் முதல் தடை லிஸ்ட்டை வெளியிட்டுச்சு, 21 பேர். ஜூன்ல கிரிமியா சரக்கு எதுவும் உள்ள வரக்கூடாதுன்னாங்க. டிசம்பர்ல முதலீடு கூடாது, சொகுசு கப்பல் அந்த துறைமுகத்துல நிக்கக்கூடாதுன்னாங்க. அமெரிக்காவும் அதே மாசம் தடை போட, விசாவும் மாஸ்டர்கார்டும் அங்க கார்டு வேலை செய்யாதுன்னு நிறுத்திட்டாங்க. அந்த கார்டை வச்சிருந்த வாத்தியாரும் நர்சும் பார்லிமென்ட்டை பிடிச்சவங்களா என்னன்னு கேட்டா பதில் கிடையாது, அது தனி வருத்தம். ஆனா ஒண்ணு தெளிவா தெரிஞ்சுது. ஆக்கிரமிச்ச மண்ணுல இருந்து வர்ற சரக்கை தடுக்கணும்னு மனசு வச்சா மூணு மாசத்துல தடுக்க முடியுது, கஸ்டம்ஸ்ல பேப்பர் கேக்க முடியுது, பேங்க்ல பணத்தை நிறுத்த முடியுது. முடியாதுங்கற பேச்சுக்கே இடமில்ல.

சஹாராவுக்கு அந்த மனசு வரல. வராதது மட்டும் இல்ல, ஐரோப்பிய யூனியன் அந்த கடல்ல மீன் பிடிக்கறதுக்கு மொராக்கோவுக்கு காசு குடுத்துட்டு இருந்தது, கிரிமியாவோட ஒயின் பாட்டிலை எல்லையில தடுத்த அதே யூனியன். அவங்க சொந்த கோர்ட்டே 2016ல, 2018ல, 2024 அக்டோபர் 4லன்னு திரும்பத் திரும்ப சொல்லிடுச்சு, மேற்கு சஹாரா மொராக்கோ இல்ல, அது தனி பிரதேசம், அந்த மக்களோட சம்மதம் இல்லாம போட்ட ஒப்பந்தம் செல்லாது, அங்க விளைஞ்ச தக்காளியிலயும் முலாம்பழத்துலயும் மேற்கு சஹாரான்னுதான் எழுதணும்னு. கோர்ட் குடுத்த ஒரு வருஷ டைம் முடியற நேரத்துல என்ன பண்ணாங்க? லேபிள்ல மொராக்கோ வச்ச மாகாணப் பேரைப் போட்டுக்கலாம்னு மொராக்கோவோட புதுசா ஒரு ஏற்பாடு பண்ணிட்டாங்க. மக்கள் கிட்ட கேட்டீங்களான்னா, கேட்ட மாதிரிதான்னு பதில்.

உங்க சபையும் இதுல சுத்தம் இல்ல. 2002 ஜனவரியில உங்க சட்ட ஆலோசகர் ஹான்ஸ் கோரெல் உங்களுக்கு எழுத்துல குடுத்தாரு, நீங்களே கேட்டு வாங்கினதுதான், அந்த மக்களோட நலனையும் விருப்பத்தையும் மீறி வளத்தை தோண்ட ஆரம்பிச்சா அது சர்வதேச சட்ட மீறல்னு. அந்த காகிதம் பீரோவில இருக்கு. பூக்ரா சுரங்கத்துல இருந்து கடற்கரைக்கு கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் நீளத்துக்கு கன்வேயர் பெல்ட் இருக்கு, உலகத்துலயே நீளமானதுகள்ல ஒண்ணு, பாஸ்பேட் அதுல ஓடிட்டே இருக்கு. கப்பல்ல ஏறி போற ஊர்ல எங்க நாடும் ஒண்ணு, ஒடிசாவில பாரதீப் துறைமுகத்துக்கு வந்து உரமா மாறுது. 2017 மே மாசம் நியூசிலாந்துக்கு போயிட்டிருந்த ஒரு கப்பலை மட்டும் தென்னாப்பிரிக்கா கோர்ட் துறைமுகத்துலயே பிடிச்சு வச்சுது. அதுவும் பொலிசாரியோ தரப்பு கேஸ் போட்டதால, உங்க தீர்மானத்தால இல்ல.

சரி, ஓட்டெடுப்பு ஏன் நடக்கலன்னு கேட்டா நீங்க எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுவீங்க, யாருக்கு ஓட்டுன்னு முடிவு பண்ண முடியல, அவங்க நாடோடிகள், எல்லை தாண்டி மேய்க்கறவங்க, டெக்னிக்கலா சிக்கல்னு. நான் இதை ஒத்துக்கவே மாட்டேன், ஏன்னா அந்த வேலை முடிஞ்சு போச்சு. 1974 ஸ்பெயின் கணக்கை அடிப்படையா வச்சு 1994ல உங்க ஆட்கள் ஆள் அடையாளம் காண ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு குலத்துக்கும் ரெண்டு தரப்புல இருந்தும் ஷேக்குகளை உக்கார வச்சு, எதிர்ல வர்றவன் யாரோட பேரன், எந்த கூடாரத்துல பொறந்தவன்னு கேட்டு கேட்டு பதிவு பண்ணினாங்க. நடுவுல மொராக்கோ ஆயிரக்கணக்குல ஆளை கொண்டு வந்து இவங்களும் சஹ்ராவிதான், அதாவது மேற்கு சஹாரா ஜனம்தான்னு நிறுத்துச்சு. அதுக்கு கதவை திறந்து விட்டதே 1991 டிசம்பர்ல பதவிக்காலம் முடியற நேரத்துல தகுதி விதியை அகலப்படுத்தின பொதுச்செயலாளர் பெரெஸ் தே குவேயர்தான். அப்படியும் வேலை நின்னுடல. அமெரிக்காவோட முன்னாள் வெளியுறவு மந்திரி ஜேம்ஸ் பேக்கர் ஐ.நா. தூதரா வந்து 1997ல ஹூஸ்டன்ல ரெண்டு தரப்பையும் உக்கார வச்சு திரும்ப ஓட வச்சாரு, 1999 கடைசியில முடிஞ்சுது. கிட்டத்தட்ட 1,98,000 பேரை விசாரிச்சு 86,386 பேருக்கு ஓட்டு உண்டுன்னு லிஸ்ட் வந்தது.

லிஸ்ட்டை பார்த்ததும் மொராக்கோவுக்கு புரிஞ்சு போச்சு, இதை வச்சு ஓட்டு நடந்தா தோத்துருவோம்னு. விழுந்துது பாருங்க அப்பீல், 1,31,000க்கு மேல, கிட்டத்தட்ட எல்லாமே லிஸ்ட்ல வராதவங்க போட்டது. 2000 பிப்ரவரியில அப்போ பொதுச்செயலாளரா இருந்த கோபி அன்னான் உங்களுக்கு எழுதினாரு, இதை முடிக்க 2002 இல்ல அதுக்கும் மேல ஆகும், முடிச்சாலும் ரிசல்ட்டை அமல்படுத்த வழி எதுவும் திட்டத்துல இல்லைன்னு. அந்த ரெண்டாவது பாதிதான் உண்மையான காரணம். அப்பீல் ஒரு சாக்கு. தோக்கறவன் ஒத்துக்கலன்னா நாங்க என்ன பண்ணுவோம்னு நீங்க யாரும் சொல்லத் தயாரா இல்ல.

அதே 1999ல கிழக்கு திமோர்ல என்ன பண்ணீங்கன்னு கொஞ்சம் திரும்பிப் பாருங்க. அதுவும் 1975ல இந்தோனேசியா கிட்ட பறிபோன இடம், அதுவும் ஐரோப்பாக்காரன் விட்டுட்டு ஓடின காலனி. மே 5ல ஒப்பந்தம், ஜூலை ஆகஸ்ட்ல சில வாரத்துல 4,50,000 பேரை பதிவு பண்ணீங்க, ஆகஸ்ட் 30ல ஓட்டு, 78.5 சதவீதம் சுதந்திரம்னாங்க. உடனே இந்தோனேசியா ராணுவமும் அவங்க வளர்த்த கும்பலும் ஊரை கொளுத்தினாங்க, ஆயிரத்துக்கு மேல செத்தாங்க, அதை மறைச்சு பேசக்கூடாது. ஆனா அப்போ அமெரிக்கா ராணுவ உறவை நிறுத்துச்சு, ஐ.எம்.எஃப். கடன் பேச்சை நிறுத்துச்சு, ஏற்கனவே பொருளாதாரம் விழுந்து கிடந்த ஜகார்த்தா ஒரு வாரத்துல வழிக்கு வந்து வெளிப் படையை உள்ள விட்டுச்சு. பத்து பதினஞ்சு வருஷம் தடை போட்டு ஜனத்தை வாட்டற வேலை இல்ல அது, சரியான நேரத்துல சரியான ஆள் கழுத்துல கை வச்சாங்க, அவ்வளவுதான். சஹாராவில அந்த கை எழும்பவே இல்ல, ஏன்னா மொராக்கோ தலைநகர் ரபாத் உங்களுக்கு வேண்டப்பட்ட இடம்.

2003ல பேக்கர் கொண்டு வந்த ரெண்டாவது திட்டத்தை நீங்க மறந்திருந்தாலும் நான் மறக்க விடமாட்டேன், எனக்கு இந்த மொத்த கதையிலயும் முக்கியமான இடம் அதுதான். அஞ்சு வருஷம் வரைக்கும் சுயாட்சி, அப்புறம் ஓட்டு, சுதந்திரமும் ஒரு சாய்ஸ், சரியா? யாருக்கு ஓட்டு? அந்த 86,000 பேரும், அகதிகளும், அதோட 1999 கடைசியில இருந்தே அங்க குடியிருக்கற எல்லாரும். அதாவது மொராக்கோ கொண்டு வந்து குடியேத்தின சொந்த ஆட்களும் ஓட்டு போடலாம், அவங்கதான் மெஜாரிட்டியாவும் இருந்திருப்பாங்க. பொலிசாரியோ முதல்ல முரண்டு பிடிச்சாங்க, அப்புறம் எல்லாரும் வாயைப் பிளக்கற மாதிரி சரின்னுட்டாங்க. நீங்களும் 1495ஆம் தீர்மானத்துல ஒருமனதா ஆதரிச்சீங்க. வேண்டாம்னது யாரு? மொராக்கோ. தன்னோட ஆளே மெஜாரிட்டியா இருக்கற தேர்தல்ல கூட சுதந்திரம்ங்கற சாய்ஸ் சீட்டுல இருக்கக்கூடாதுன்னு பயந்தாங்கன்னா, அதுக்கப்புறம் ஓட்டர் லிஸ்ட் சிக்கல்னு யாரும் பேசக்கூடாது. 2004ல பேக்கர் ராஜினாமா பண்ணிட்டு போயிட்டாரு.

நீங்க இப்போ தூக்கிப் பிடிக்கற 2007 திட்டத்துலயே, பேச்சுவார்த்தையில வர்ற முடிவை மக்கள் ஓட்டுக்கு விடுவோம்னு மொராக்கோ எழுதியிருக்கு, படிச்சீங்களா இல்லையான்னு தெரியல. ஆக ஓட்டெடுப்பு முடியாத காரியம்னு மொராக்கோவே சொல்லல. சீட்டுல ஒரே ஒரு பதில்தான் இருக்கணும்னு சொல்றாங்க. கிரிமியாவில நீங்க கண்டுபிடிச்ச அதே குத்தம்.

ஒவ்வொருத்தரா பேசுவோம். பிரிட்டன்காரங்களே, 2013 மார்ச்ல ஃபாக்லாந்து தீவுல ஓட்டு வச்சீங்க, 1,500 பேர் சொச்சம் ஓட்டு போட்டு 99.8 சதவீதம் பிரிட்டனோடவே இருக்கோம்னாங்க, வேண்டாம்னது மூணே மூணு பேர். அர்ஜென்டினா எவ்வளவு கத்தினாலும் அந்த மக்கள் விருப்பம்தான் முடிவுன்னு இன்னிக்கும் சொல்றீங்க, சொல்லுங்க, நல்லதுதான். 2025 ஜூன்ல மட்டும் மொராக்கோ திட்டம்தான் நம்பகமானது நடைமுறைக்கு ஒத்ததுன்னு எப்படி வாய் வந்தது? 1,500 பேருக்கு ஒரு நியாயம், 1,73,600 பேருக்கு ஒரு நியாயமா?

பிரான்ஸ்காரங்க கிட்ட எனக்கு உரிமையோட பேசத் தோணுது, நான் புதுச்சேரிக்காரன். பசிபிக்ல உங்க கையில இருக்கற நியூ கலிடோனியா தீவுல 2018, 2020, 2021ன்னு மூணு தடவை ஓட்டு வச்சீங்க. முதல் ரெண்டு நல்லாவே நடந்தது, 56.7 சதவீதம், 53.3 சதவீதம்னு நூலிழையில நீங்க ஜெயிச்சீங்க, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. புதுசா குடியேறினவங்களுக்கு ஓட்டு கிடையாதுன்னு லிஸ்ட்டை பூட்டி வச்சதாலதான் அந்த மண்ணோட பூர்வீக கனாக் மக்கள் அந்த ஆட்டத்துக்கே வந்தாங்க. மூணாவது தடவை கொரோனா சாவு சடங்கு முடியல தள்ளி வைங்கன்னு அவங்க கெஞ்சியும் கேக்காம நடத்தி 96.5 சதவீதம் வாங்கினீங்க, பாதிப் பேருக்கு மேல ஓட்டு சாவடி பக்கமே வரல, அந்த ஜெயிப்பால யாருக்கு என்ன பிரயோஜனம்? மாகாண தேர்தலுக்கான லிஸ்ட்டை திறந்து விடப் பார்த்தப்போ 2024 மே மாசம் தீவே பத்தி எரிஞ்சது. குடியேத்தம் ஒரு ஓட்டெடுப்பை எப்படி கெடுக்கும்னு உலகத்துலயே நல்லா தெரிஞ்ச அரசாங்கம் உங்களோடது. அந்த எரிஞ்ச வாசம் போறதுக்குள்ள, ஜூலை 30ல, சஹாராவோட நிகழ்காலமும் எதிர்காலமும் மொராக்கோ இறையாண்மைக்குள்ளதான்னு மக்ரோன் மொராக்கோ ராஜாவுக்கு லெட்டர் எழுதறாரு.

அமெரிக்காவுக்கு சொல்ல ஒண்ணுதான் இருக்கு. 2018 ஜூலையில உங்க வெளியுறவு மந்திரி பாம்பேயோ கிரிமியா பிரகடனம்னு ஒண்ணு வெளியிட்டாரு, பலத்தால எடுத்த மண்ணை நாங்க எந்தக் காலத்துலயும் அங்கீகரிக்க மாட்டோம்னு. அதே பாம்பேயோ அதே நாற்காலியில இருக்கறப்போதான் 2020 டிசம்பர் 10ல டிரம்ப் சஹாரா மொராக்கோவோடதுன்னு அங்கீகரிச்சாரு, பதிலுக்கு மொராக்கோ இஸ்ரேலோட உறவை ஆரம்பிச்சது. மாமியார் உடைச்சா மண்குடம்ங்கற கதை கூட இதுக்கு பத்தாது, மாமியார் இங்க குடத்தையே வித்துட்டு காசை எண்ணிட்டு இருக்கா. ரஷ்யாவுக்கு என்ன சொல்றது? 17 நாள்ல சுயநிர்ணயம் பேசத் தெரிஞ்சவங்க, 2022 செப்டம்பர்ல போர் நடக்கறப்பவே டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், கெர்சோன், ஜப்போரிஜியான்னு நாலு இடத்துல அஞ்சு நாள்ல ஓட்டு எடுத்தவங்க, சஹாரான்னு வந்ததும் கை தூக்காம உக்காந்திருக்கீங்க, உங்க மீன்பிடி கப்பலும் மொராக்கோ ஒப்பந்தத்துல அந்தப் பக்கம் போகுது. சீனா கிட்ட கேக்க எதுவும் இல்ல, ஓட்டுன்னாலே அவங்களுக்கு ஆகாது, அதுலயாவது அவங்க எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காங்க.

எங்க நாட்டு லட்சணத்தையும் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. இந்தியா 1985ல பொலிசாரியோ அறிவிச்ச சஹ்ராவி குடியரசை அங்கீகரிச்சது, 2000ல திரும்ப வாங்கிகிச்சு. 1948ல காஷ்மீர்ல ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லி நீங்க போட்ட 47ஆம் தீர்மானம் எங்க ஆட்களை ஓட்டெடுப்புன்னாலே நெளிய வைக்குது, அதைப் பேச ஆரம்பிச்சா இன்னொரு மடல் ஆகும், இதை விட பெரிய சண்டையும் ஆகும். எங்க புதுச்சேரியில கூட 1954 அக்டோபர் 18ல கீழூர்ல ஓட்டு போட்டது ஜனம் இல்ல, 178 பிரதிநிதிகள், 170 பேர் இந்தியாவோட சேரலாம்னாங்க, 8 பேர் வேண்டாம்னாங்க. ஜனத்தையே நேரா கேட்டிருக்கலாம், இன்னொரு பிரெஞ்சு ஊரான சந்திரநாகூர்ல 1949ல அப்படித்தான் கேட்டாங்க. இருந்தாலும் அந்த எட்டு பேருக்கு வேண்டாம்னு சொல்ல ஒரு இடம் இருந்தது. சஹ்ராவிக்கு அந்த எட்டு பேருக்கு கிடைச்சது கூட இன்னும் கிடைக்கல.

பொலிசாரியோ காரங்க தேவதூதர்கள்னு நான் சொல்லல. அந்த முகாம்கள்ல ஒரே இயக்கம்தான் எல்லாம், எதிர்த்துப் பேசினவங்க பட்ட பாட்டை மனித உரிமைக்காரங்க எழுதியிருக்காங்க. அகதிகளை முறையா பதிவு பண்ணுங்கன்னு நீங்க வருஷா வருஷம் தீர்மானத்துல எழுதறீங்க, அல்ஜீரியா அதை நடக்க விடல, அல்ஜீரியாவுக்கும் இதுல சொந்தக் கணக்கு இருக்கு. ஓட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்னும் நினைக்கல. தெற்கு சூடான் 2011ல 98.83 சதவீதம்னு ஓட்டு போட்டு தனி நாடாச்சு, மூணு வருஷம் ஆகறதுக்குள்ள தங்களுக்குள்ளயே வெட்டிக்கிட்டாங்க. ஈராக் குர்துகள் 2017 செப்டம்பர்ல 92 சதவீதம்னு போட்டாங்க, மூணே வாரத்துல கிர்குக் நகரம் ஈராக் ராணுவம் கைக்கு போச்சு, வெளிநாட்டு விமானம் வர்றதையும் நிறுத்தினாங்க. இதெல்லாம் தெரிஞ்சேதான் கேக்கறேன். தப்பா முடிவு எடுக்கற உரிமையும் அவங்களுக்குத்தான், ஒருவேளை ஓட்டு வச்சா சுயாட்சியே போதும்னு கூட சொல்லலாம், அம்பது வருஷத்துல யார் கண்டா. அப்படி சொன்னா மொராக்கோ தலை நிமிர்ந்து வாங்கிக்கட்டும்.

கேக்கறது இதுதான். மினுர்சோவை 2026 அக்டோபர் 31 வரைக்கும்தான் நீட்டிச்சிருக்கீங்க. அடுத்த தீர்மானம் எழுதறப்போ அந்த 86,386 பேர் லிஸ்ட்டை திரும்ப மேஜைக்கு கொண்டு வாங்க, செத்தவங்களை எடுத்துட்டு அவங்க பிள்ளைகளை சேருங்க. பேக்கர் மாதிரி குடியேறினவங்களையும் சேர்க்கணும்னா அதையும் பேசுங்க, ஆனா சீட்டுல சுதந்திரம் இருக்கணும். மிஷனுக்கு மனித உரிமையை கண்காணிக்கற அதிகாரம் குடுங்க, மத்த முக்கியமான மிஷன்களுக்கெல்லாம் குடுத்ததைத்தான் கேக்கறேன். 2010ல அல் அயூன் பக்கத்துல குதேய்ம் இஸீக்ல ஆயிரக்கணக்குல ஜனம் கூடாரம் போட்டு உக்காந்து, மொராக்கோ படை அதை பிய்ச்சு எறிஞ்சப்போ உங்க ஆட்கள் அதே ஊர்ல இருந்தும் எதையும் பதிவு பண்ண அதிகாரம் இல்லாம நின்னாங்களே, அது திரும்ப நடக்கக்கூடாது. மொராக்கோ மேல தடை போடுங்கன்னு நான் கேக்கல, காசாபிளாங்காவில டீக்கடை வச்சிருக்கறவன் வயித்துல அடிக்கறதுல எனக்கு இஷ்டமில்ல. பூக்ரா பாஸ்பேட்டையும் தாக்லா மீனையும் அந்த மக்கள் சம்மதம் இல்லாம வாங்காதீங்கன்னு மட்டும் கேக்கறேன், இந்தியா உட்பட. அது தடை இல்ல, திருட்டுப் பொருளை வாங்காம இருக்கறது, உங்க கோரெல் 24 வருஷம் முன்னாடியே எழுதிக் குடுத்தது.

இதுல எதுவும் முடியாதுன்னா, 1991ல குடுத்த வாக்கை நாங்க காப்பாத்தப் போறதில்லன்னு தீர்மானத்துல நேரா ஒரு வரி எழுதிடுங்க. 2020 நவம்பர் 13ல மொரிடேனியா எல்லை பக்கத்துல இருக்கற குவர்குவேராத்துல போர்நிறுத்தம் உடைஞ்சப்போ திந்தூஃப் பசங்க ஏன் வரிசையில நின்னு துப்பாக்கி கேட்டாங்கன்னு அப்புறம் யாரும் ஆச்சரியப்பட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
புதுச்சேரியில இருந்து ஒருத்தன்